வேறு மருந்து: இல்லை

ரத்தினபாயிடம் பொய் சொல்லித் தப்பித்த நோயாளி தாம்பரம் வட்டாரத்தில் கிடையாது என்று கிளினிக்கில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுகிறவர்களை, முன்னால் தகவல் சொல்லாமல் போய்ப் பார்ப்பது அவளுடைய உத்தியோகம். போனதும் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டி மூத்திரம் கேட்பாள். அதில் இரண்டு சொட்டு மருந்தை விட்டால், பி.ஏ.எஸ். பொடியை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுடையது கருஞ்சிவப்பாக மாறும். பொடியைக் கிணற்றடியில் கொட்டினவர்களுடையது அப்படியே இருக்கும். அதற்கப்புறம் யார் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் அவள் கேட்க மாட்டாள்.

இருபது வருஷ நர்ஸ் வேலையில் அவளுக்கு ஜனங்கள் மேல் கோபம் வந்ததைவிடச் சலிப்பு வந்ததுதான் அதிகம். வைட்டமின் மாத்திரை கொடுத்தால் உடம்புக்குச் சூடு என்று சுவர்ப் பிறைக்குள் வைத்துவிடுவார்கள். யாரோ கொடுத்த லேகியத்தை மட்டும் வேளை தவறாமல் உருட்டி விழுங்குவார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் ஒரே குரலில் "இல்லை" வரும். நாலு நாள் கழித்து வாந்தியும் பேதியுமாகப் படுத்திருப்பார்கள். "லேகியம் மருந்து இல்லையே சிஸ்டர், பச்சிலைதானே?" என்பார்கள்.

இவர்களுக்கு நடுவில் அவளுக்கு நிம்மதி கொடுத்த ஒரே நோயாளி ஏசுதாசன். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. மிஷன் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். நாற்பத்தெட்டு வயது. அறுபத்தெட்டாம் வருஷம் அக்டோபரில் சளியில் கிருமி இருப்பது தெரிந்து கிளினிக்குக்கு வந்தவர், சொன்னதைச் சொன்னபடி செய்தார். இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டார். ஐ.என்.எச். மாத்திரையையும் பி.ஏ.எஸ். பொடியையும் ஒரு வேளை விடவில்லை. குப்பியில் எப்போது சோதித்தாலும் கருஞ்சிவப்புத்தான். ஜனவரியில் சளி சுத்தமாகிவிட்டது. டாக்டர் தோத்தாத்ரி சர்டிபிகேட் எழுதிக் கொடுத்து, மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போகலாம் என்று அனுப்பிவைத்தார்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரத்தினபாய் கிழக்குத் தாம்பரம் போவதற்காக ரயில்வே கேட் அருகே வந்தபோது அங்கே ஒரு சின்னக் கூட்டம். நடுவில் ஏசுதாசன். வேட்டியெல்லாம் புழுதி. ஒரு கான்ஸ்டபிள் அவர் புஜத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வாத்தியாரே, மணி பத்துகூட ஆவல, அதுக்குள்ள ஏத்திக்கினு வந்துகீற? தண்டவாளத்துல வுயுந்து எங்களுக்குப் பேஜார் பண்றதுக்கா? நேரா நில்லு."

"நான்... குடிக்கலை" என்றார் ஏசுதாசன். அந்த இரண்டு வார்த்தைக்கே அவர் நாக்கு புரளவில்லை. நேராக நிற்க முயன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"ஊது."

ஊதினார். கான்ஸ்டபிள் வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தார். "வாசனை கும்முனு கீது."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடித்துவிட்டு ரோட்டில் நின்றால் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதுதான். ரத்தினபாய் குடையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"கையை எடுங்க. இவர் எங்க பேஷண்ட்."

"பேஷண்டா? இன்னா நோவு, தண்ணி நோவா?"

"டி.பி."

கான்ஸ்டபிள் கையை எடுத்த வேகத்தைப் பார்த்து வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். கூட்டமும் இரண்டடி பின்வாங்கியது. ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு அவரை ஏற்றிக்கொண்டு சிட்லபாக்கம் போனாள். வழியெல்லாம் அவளும் மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வாசனை இருக்கத்தான் செய்தது.

வீட்டில் அவர் மனைவி புஷ்பம் கதவைத் திறந்து, புருஷன் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, முதலில் அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் ரத்தினபாய்.

"ரெண்டு மூணு வாரமா" என்றாள் புஷ்பம். "தலை சுத்துதுங்கிறார். தட்டுல சோத்தை எடுக்கப் போனா கை வேற எங்கேயோ போகுது."

"நான் போன வாரம் வந்தேனே, ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சிஸ்டர்."

ரத்தினபாய் கண்ணை மூடி ஒரு தடவை மூச்சு விட்டாள். "இப்போ கேக்கிறேன். சார் குடிக்கிறாரா?"

"ஐயோ, கர்த்தருக்குப் பொதுவா இல்லை!"

"அப்போ வேற என்ன சாப்பிடுறார்?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பம் எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு பழுப்புநிறப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். திராட்சாரிஷ்டம். உடம்பு தேறட்டும் என்று காலையும் மாலையும் ஒரு அவுன்ஸ் கொடுத்துவந்தாளாம். கான்ஸ்டபிள் மோந்த வாசனை அதுதான். அரிஷ்டம் புளித்து உண்டாவது. அதில் கொஞ்சம் சாராயச் சத்து இருக்கத்தான் இருக்கும்.

"எத்தனை தடவை கேட்டிருக்கேன்? வேற மருந்து உண்டா உண்டான்னு?"

"இது டானிக்தானே சிஸ்டர்."

ரத்தினபாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

ஆனால் பத்து நாள் கழித்துப் போனபோது அவர் இன்னும் மோசமாக இருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இதற்குள் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை தடுமாறி விழுந்திருந்தார். கரும்பலகையில் அவர் போட்ட வட்டம் முட்டை மாதிரி இருந்ததைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்களாம். ஹெட்மாஸ்டர் லாசரஸ் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரயில்வே கேட் சமாசாரம் அவர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது.

அன்று மாலை அவள் டாக்டர் தோத்தாத்ரியிடம் சொன்னாள். வெளியே நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஸ்ட்ரெப்டோமைசின்தான். காது நரம்பைப் பாதிக்கும், நடை தள்ளாடும். தெரியாதா உங்களுக்கு?"

"ஊசி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு சார். முடிஞ்சப்போ நல்லாத்தான் நடந்தார்."

"அப்போ ஐ.என்.எச். பாதம் மரத்துப்போயிருக்கும். பி சிக்ஸ் கொடுங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

ஐ.என்.எச். உடம்பிலுள்ள பி சிக்ஸ் வைட்டமினைக் குறைக்கும், கால் மரத்துப்போகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சத்தில்லாமல் வாடிப்போன எத்தனையோ பேருக்கு அவளே மாத்திரை கொடுத்து எரிச்சலையும் மரமரப்பையும் போக்கியிருக்கிறாள். ஏசுதாசனுக்கும் கொடுத்தாள். ஆனால் அவர் பாதத்தில் ஊசியால் தொட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு தொடுதலுக்கும் "ம்" என்று சரியாகச் சொன்னார். மரத்துப்போன கால் இல்லை அது. வைட்டமின் ஒரு வாரம் உள்ளே போயும் ஒரு மாற்றமும் இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கேட்க மாட்டேன் என்கிறார். வீட்டில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஊர் முழுக்கக் 'குடிகார வாத்தியார்' என்கிறது. ஒருநாள் மத்தியானம் நேராக அவர் வீட்டுக்குப் போய், அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து, தலையிலிருந்து தொடங்கினாள்.

"என் பென்சிலைப் பாருங்க. தலையை ஆட்டாம கண்ணை மட்டும் திருப்புங்க."

பென்சிலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினாள். அவர் கண்மணிகள் அதோடு போய், ஓரத்தில் நிற்க முடியாமல் துடித்துத் துடித்து ஆடின. இடப்பக்கமும் அப்படியே.

"வாயைத் திறங்க."

அவர் எப்போதும் உதட்டை மூடியே சிரிக்கிறவர். அது கணக்கு வாத்தியாரின் கண்டிப்பு என்று நினைத்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தபோது ஈறு இரண்டும் வீங்கித் தடித்து, பாதிப் பல்லை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வார்டில் மூன்று வருஷம் இருந்திருக்கிறாள். இந்த ஈற்றை அங்கே வரிசையாகப் பார்த்திருக்கிறாள்.

"சார், நீங்க எத்தனை வருஷமா வலிப்பு மாத்திரை சாப்பிடுறீங்க?"

ஏசுதாசன் வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து புஷ்பம் வந்துவிட்டாள். "என்ன சிஸ்டர் இது? வலிப்பா? எங்க வம்சத்துலயே கிடையாது."

"நான் வம்சத்தைக் கேக்கலை. மாத்திரையைக் கேக்கிறேன்."

"அதுதான் அரிஷ்டம்னு ஒத்துக்கிட்டோமே!"

அந்த நிமிஷம்தான் ரத்தினபாய்க்கு விளங்கியது. பெரியதை மறைப்பதற்காகச் சின்னதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அரிஷ்டப் பாட்டிலை அவ்வளவு சுலபமாக அவள் எடுத்து வைத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"புஷ்பம்மா, சுவரில மாட்டியிருக்கிற கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. சார் ஈற்றை அவரே பார்க்கட்டும். பிரஷ் போடாததால வந்ததுன்னு சொல்லப்போறீங்களா? சொல்லுங்க, கேக்கிறேன். இன்னும் பத்து நாள்ல அவரால உட்காரக்கூட முடியாது. அதுக்கு அடுத்தது நினைவு தப்பும். அப்போ யார்கிட்ட பொய் சொல்லுவீங்க?"

புஷ்பம் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏசுதாசன் சுவரைப் பிடித்தபடி அலமாரிக்குப் போனார். கரும்பலகைக்குப் பயன்படுத்தும் பெரிய ஜியோமெட்ரி பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். காம்பஸ், பாகைமானி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கினார். வெள்ளை மாத்திரைகள் வரிசையாக இருந்தன.

மெதுவாக, நாக்கு தடுக்கத் தடுக்கச் சொன்னார். பதினாறு வயதிலிருந்து வலிப்பு. டவுனில் ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போய் மாத்திரை வாங்கிவருவது பதினெட்டு வருஷப் பழக்கம். தினம் மூன்று. டி.பி. மருந்து தொடங்கியபோது, இத்தனை மாத்திரை எதற்கு என்று அவராகவே இதை நிறுத்திவிட்டார். ஜனவரியில் பள்ளிக்கூடம் திரும்பிய வாரம் தூக்கத்தில் வலிப்பு வந்துவிட்டது. பயந்துபோய் மறுபடி ஆரம்பித்தார். தள்ளாட்டம் அதற்கப்புறம் வந்ததுதான்.

"அப்போ கிளினிக்கில முதல் நாள் நான் கேட்டேனே! வேற நோய் உண்டா, வேற மருந்து உண்டான்னு?"

"எங்கே வச்சுக் கேட்டீங்க சிஸ்டர்?" என்றார் ஏசுதாசன். "வராந்தாவில, முப்பது பேர் முன்னால. எனக்குப் பின்னால என் ஸ்கூல் கிளார்க் நின்னுக்கிட்டிருந்தார்."

அவர் சொன்னது நியாயம் என்பதே அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"சரி. நாளைக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசுறேன். இது குடி இல்லை, மருந்து செய்ற வேலைன்னு..."

"வேண்டாம்" என்றார் அவர். தள்ளாடிய நாக்கு அந்த ஒரு வார்த்தையை மட்டும் தெளிவாகச் சொன்னது. "வலிப்புங்கிற பேச்சு வெளியே போகக் கூடாது. ஜெயசீலிக்குத் தெற்கே நாசரேத் ஊரிலிருந்து வரன் பேசி வர்றாங்க. மே மாசம் பெண் பார்க்க வர்றாங்க."

ஜெயசீலி அவர்களுடைய ஒரே மகள். டீச்சர் டிரெயினிங் முடித்தவள்.

"குடிகாரன் மகள்னா மட்டும் கட்டிக்குவாங்களா?"

"குடிச்சவன் மனம் திரும்பலாம் சிஸ்டர். அதுக்கு ஜெபம் இருக்கு. ஊரும் ஆறு மாசத்துல மறந்துடும். வலிப்புன்னா ரத்தத்துல ஓடுதும்பாங்க. பேய் பிடிச்ச குடும்பம்பாங்க. அவளுக்குப் பிறக்கப்போற பிள்ளைவரைக்கும் பேசுவாங்க. நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்."

"வாழ்நாள்ல ஒரு சொட்டுத் தொட்டிருக்கீங்களா?"

"சர்ச்சில ராப்போஜனத்துல கொடுக்கிற திராட்சரசம்தான்."

ரத்தினபாய் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன்னாலேயே டாக்டர் தோத்தாத்ரி அறைக்குள் போய், கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். சொல்லி முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கண் ஆடியதை, ஈறு தடித்ததை, மாத்திரை நிறுத்திய நாளை, திரும்பத் தொடங்கிய நாளை, தள்ளாட்டம் தொடங்கிய நாளை எல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அந்த வலிப்பு மாத்திரை, பெனிட்டாயின், அதிகமாப்போனா இப்படி ஆகும். ஆனா பதினெட்டு வருஷமா அதே மூணு மாத்திரைதானே சாப்பிடுறார்?"

"அதே மூணுதான் சார். முன்னாடி ஐ.என்.எச். சாப்பிடலை. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவர் எழுந்து, மருத்துவப் பத்திரிகைகள் அடுக்கியிருந்த மேல்தட்டைக் குடைய ஆரம்பித்தார். வெளியே வரிசை முணுமுணுத்தது. அன்று கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே அவளைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டில இதைப் பத்தி எழுதியிருக்கான். ஐ.என்.எச். கல்லீரலை அந்த மாத்திரையைக் கழிக்க விடாம தடுக்குது. எல்லாருக்கும் இல்லை. ஐ.என்.எச். மெதுவாக் கழியற உடம்புக்காரங்களுக்குத்தான் அதிகம். மூணு உள்ளே போகுது, ஒண்ணுதான் வெளியே போகுது. மீதி ரத்தத்தில தேங்குது." பத்திரிகையை மூடிவிட்டு, "ஆளை முதல்ல கேட்டிருக்கணும்" என்று கேஸ் காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

'வேறு நோய்: இல்லை. வேறு மருந்து: இல்லை.' அவளுடைய கையெழுத்து. முத்து முத்தாக இருந்தது.

ரத்தினபாய் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கேட்டேன் சார். வராந்தாவில வச்சுக் கேட்டேன்."

டாக்டர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். டி.பி. மருந்தில் கை வைக்கக் கூடாது, வலிப்பு மாத்திரையைத்தான் குறைக்கவேண்டும் என்றார். இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பிறகு தினம் ஒன்று, பார்த்துக்கொண்டு ஒன்றரை. டி.பி. மருந்து முடிகிற அன்றைக்கு மறுபடி பழைய அளவுக்குப் படிப்படியாக ஏற்றவேண்டும், மறந்தால் வலிப்பு திரும்பிவிடும். யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று ரத்தினபாய் அதைக் காகிதத்தில் எழுதவில்லை. புஷ்பத்தை எதிரே உட்காரவைத்து, மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

ஒரு வாரத்தில் கண் ஆட்டம் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் ஏசுதாசன் ஏரிக்கரை வரை யாரையும் பிடிக்காமல் நடந்துவிட்டு வந்தார். நோட்டுப் புத்தகத்தில் காம்பஸ் இல்லாமல் ஒரு வட்டம் போட்டு அவளிடம் காட்டினார். நல்ல வட்டம்.

அவருக்குச் சரியாகிவிட்டது. ஊருக்கு அது போதவில்லை. பள்ளிக் கமிட்டி கூடி, ஏசுதாசனை வேலையில் வைத்துக்கொள்ளவேண்டுமானால் சபை முன்னால் நின்று குடியை விட்டுவிட்டதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது.

ரத்தினபாயால் பொறுக்க முடியவில்லை. அவரிடம் சொல்லாமலேயே ஹெட்மாஸ்டர் லாசரஸைப் பார்க்கப் போனாள். மெலிந்து உயரமான மனிதர். மேஜைமேல் ஒரு தூசி இருக்காது.

"சார், ஏசுதாசன் சார் குடிக்கலை. மருந்தாலதான் அப்படி ஆச்சு. இப்போ மாத்தியாச்சு, நல்லா இருக்கார்."

"எந்த மருந்து?"

"டி.பி. மருந்து."

"என் மச்சினன் ஒன்றரை வருஷம் அதே மருந்து சாப்பிட்டான். நீங்கதான் வீட்டுக்கு வந்து பார்த்தீங்க. அவன் எங்கேயும் விழலையே?"

"அது... ஆளுக்கு ஆள் மாறும். இன்னொரு மருந்தோட சேரும்போது..."

"இன்னொரு மருந்தா? என்ன அது?"

ரத்தினபாய் வாயைத் திறந்து மூடினாள். சொல்லவேண்டிய ஒரே சொல் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இந்த அறையிலேயே விஷயம் முடிந்துவிடும். ஜெயசீலியின் கல்யாணமும்தான்.

"ஒரு டானிக்" என்றாள்.

"தெரியும். அரிஷ்டம்" என்றார் லாசரஸ். "புஷ்பம் எல்லார்கிட்டேயும் சொல்லிக்கிட்டிருக்காங்க. அரிஷ்டம்னா என்ன சிஸ்டர்? அதுவும் குடிதானே? ஆரம்பம் எல்லாம் அப்படித்தான் இருக்கும். நீங்க நல்ல மனசோட பேசுறீங்க. ஆனா பாவத்துக்கு மருந்துன்னு பேர் வைக்காதீங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி தள்ளிப் போய் நின்றாள்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏசுதாசன் ஆலயத்தின் முன்பக்கம் வந்து நின்றார். சலவை வேட்டி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை. பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் ரத்தினபாய் உட்கார்ந்திருந்தாள். போகக் கூடாது என்று நினைத்துத்தான் காலையில் எழுந்தாள். போகாமலும் இருக்க முடியவில்லை.

போதகர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். சாராயம், கள், மயக்கம் தரும் எந்தப் பானத்தையும் இனி தொடுவதில்லை. கணக்குச் சொல்லித் தருகிற குரல். ஒரு எழுத்து வழுக்கவில்லை. அந்த நாக்கு அப்படிப் பேசுவதற்காக அவள் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். சபையில் யாருக்கும் தெரியாது. எல்லோரும், குடியை விட்டதால் பேச்சு தெளிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் லாசரஸ் முதல் ஆளாக எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தார். ரத்தினபாய் பல்லைக் கடித்த கடியில் தாடை இரண்டு நாள் வலித்தது.

வாசலில் அவரிடம் கேட்டாள்: "சபை முன்னால பொய் சொன்னது உறுத்தலையா?"

"என்ன பொய்? இனிமே குடிக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? நிஜமாவே குடிக்க மாட்டேன்."

கணக்கு வாத்தியாரிடம் வாதாட முடியாது என்று அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

மே மாதம் நாசரேத்துக்காரர்கள் வந்தார்கள். விஷயம் அவர்கள் காதுக்கு முன்பே போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பற்றி நேராகவே பேச்செடுத்தார். புஷ்பத்துக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அந்த மனிதர், தவறு செய்யாத ஆள் கிடையாது, சபை முன்னால் நின்று ஒத்துக்கொள்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும், இப்படிப்பட்டவரோடு சம்பந்தம் வைப்பது பெருமை என்றார். ஜூலையில் கல்யாணம் என்று நிச்சயமானது.

அதோடு நின்றிருந்தால் ரத்தினபாய் பேசாமல் இருந்திருப்பாள். ஊரில் யார் யாரோ ஏசுதாசனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கார்ப்பெண்டரின் மனைவி, புருஷனைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அடுத்தது ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவர், தனியாக, இருட்டுவதற்கு முன்னால் போய்விடவேண்டும் என்கிற அவசரத்தோடு. எப்படி விட்டீர்கள் சார் என்று கேட்டார்கள். ஏசுதாசன் அவர்களை உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஜெபம் பண்ணி, ஏரியைச் சுற்றித் தினமும் நடக்கச் சொல்லி அனுப்பினார். அதில் இரண்டு பேர் நிஜமாகவே விட்டுவிட்டார்கள் என்று புஷ்பம் சொன்னபோது ரத்தினபாய் நம்பவில்லை. விசாரித்துப் பார்த்தாள். உண்மைதான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவள் குப்பியோடு போனாள். முன்னறையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, சிவந்த கண். மாப்பிள்ளையின் சித்தப்பா ஞானையா என்று அறிமுகப்படுத்தினார் ஏசுதாசன். அண்ணன் சொல்லி அனுப்பியதால் இவரைப் பார்ப்பதற்கென்றே ரயிலேறி வந்திருக்கிறாராம்.

ஞானையா ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். "சம்பந்தி, ஒளிக்காம சொல்லணும். விட்ட முதல் வாரம் உங்களுக்குக் கை நடுங்கிச்சா? எனக்கு ஒருநாள் நிறுத்தினாலே ராத்திரி என்னென்னவோ தெரியுது."

ஏசுதாசன் ரத்தினபாயைப் பார்த்தார். பரீட்சையில் கேள்வி புரியாத பையன் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிற பார்வை அது.

நல்லா முழிக்கட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பெரிய மனிதர் பேனாவைப் பிடித்திருந்த கை இப்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. ஏசுதாசன் பாட்டுக்கு மோரும் ஜெபமும் என்று சொல்லி அனுப்பினால், நாசரேத் ரயிலிலேயே அந்த ஆள் விழுந்துவிடுவார்.

ரத்தினபாய் குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நடுங்கும்" என்றாள். "ரெண்டாம் நாள், மூணாம் நாள் அதிகமா இருக்கும். நீங்களா ஒரேயடியா நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நிறுத்தணும். வைட்டமின் பி ஒன் ஊசி முதல்ல போடணும், குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாலேயே போடணும். எழுதிக்கங்க. தூக்க மாத்திரை எதையும் நீங்களா வாங்கிச் சாப்பிடக் கூடாது, குடியும் அதுவும் சேர்ந்தா மூச்சு நின்னுடும்."

ஞானையா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, நடுநடுவே நிமிர்ந்து ஏசுதாசனைப் பார்த்தார். "உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா சம்பந்தி?"

ஏசுதாசன், எல்லாம் அனுபவித்தவர் போல, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.